உருப்போட்ட அறிமுகம் எதற்கு?

தென்காசி மாவட்டம் திருவேங்கடம் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் ஆங்கிலத்தில் ஒரு சுய அறிமுகத்தை உருப்போட்டுக்கொண்டுதான் நேர்முகத் தேர்வுக்குப் போகிறார்கள். நடுவில் ஒரு கேள்வி விழுந்தால் எல்லாம் கலைந்துபோகிறது. குடிமைப் பணித் தேர்வில் 275 மதிப்பெண் கொண்ட நேர்காணலையே தமிழில் சந்திக்க வழியுண்டு. தென்காசி அருகே மத்தளம்பாறையில் இயங்கும் ஜோஹோ மென்பொருள் நிறுவனம், பட்டம் இல்லாதவர்களுக்கும் பயிற்சி கொடுத்து வேலை தருகிறது. அப்புறம் ஏன் இந்த நடுக்கம்? கரிசலில் அப்பாவோடு பருத்தி போட்ட பிள்ளையிடம் மழை, பூச்சி, விலை பற்றிக் கேளுங்கள், மடமடவென்று பேசும். தன்னம்பிக்கை என்று நான் நினைப்பது அந்தப் பேச்சைத்தான். கல்லூரியில் செய்த புராஜெக்ட்டையும் அப்படியே சொல்லிப் பழகட்டும்: ஏன் செய்தோம், எங்கே சிக்கியது, எப்படிச் சரிசெய்தோம் என்று, குறுக்குக் கேள்வி போடுகிற ஒரு நண்பனிடம், வாய்விட்டு.