பிரசுரிக்கப்படாத ஒரு திருத்தம்

கனடாவில் வசிக்கும் பள்ளித் தோழர் ஒருவர் சென்ற மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியலை அனுப்பிவைத்தார். "வாஸலினின் ஐம்பது வீட்டுப் பயன்கள்" என்பது அதன் தலைப்பு. உதட்டு வெடிப்பில் தொடங்கிக் கதவுப் பிணைச்சல் வரை நீண்ட அப்பட்டியலின் ஒன்பதாவது வரி, "தீக்காயம் பட்டவுடன் தடவினால் எரிச்சல் தணியும், கொப்புளம் வராது" என்று கூறியது. அதை வாசித்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏறக்குறைய இதே வசனத்தை 1996 ஆம் ஆண்டில் நானே எழுதி அச்சேற்றியிருக்கிறேன்.

அப்போது நான் கொழும்பில் ஒரு ஞாயிறு இதழில் உதவி ஆசிரியன். மகளிர் பக்கத்தைப் பார்த்துவந்த சகோதரி பிரசவ விடுமுறையில் சென்றமையால் அப்பக்கம் என் தலையில் வந்து விழுந்தது. ஒரு வாரம் கடைசி நேரத்தில் விளம்பரம் ஒன்று விலகிக்கொள்ள, கால் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. மேசையில் கிடந்த பழைய ஆங்கிலச் சஞ்சிகையிலிருந்து இருபது குறிப்புகளை அரை மணி நேரத்தில் தமிழாக்கி, ஒரு பெண் புனைபெயரையும் சூட்டிக் கொடுத்துவிட்டேன். (அக்கால மகளிர் பக்கங்களில் எழுதிய "செல்வி"கள் பலர் மீசை வைத்தவர்கள் என்பது பத்திரிகை உலகில் இரகசியமல்ல.)

இரண்டு வாரங்களின் பின்னர் கிழக்கு மாகாணத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஒரு தாதி. "அன்புள்ள சகோதரி" என்று என்னை விளித்திருந்தார். கொதிநீர் பட்ட குழந்தை ஒன்றின் கை முழுவதும் வாஸலினை அப்பிக்கொண்டு ஒரு தாயார் வந்ததாகவும், பத்திரிகையில் பார்த்துச் செய்ததாக அவர் கூறியதாகவும், அதைத் துடைத்தெடுக்கையில் அப்பிள்ளை அழுத அழுகையைத் தம்மால் மறக்க முடியவில்லை என்றும் அவர் எழுதியிருந்தார். பிள்ளை பின்னர் தேறிவிட்டது. ஒரேயொரு வேண்டுகோளை அவர் விடுத்திருந்தார்: அடுத்த வாரம் ஒரு திருத்தம் போடுங்கள்.

கடிதத்தை மூத்தவர் ஒருவரிடம் காட்டினேன். "வீட்டுக்குறிப்புக்கெல்லாம் திருத்தம் போடத் தொடங்கினால் பத்திரிகையில் வேறெதற்கும் இடமிராது" என்றார். நான் வாதிடவில்லை. அமைச்சரின் பெயருக்கு முன்னால் "கௌரவ" விடுபட்டால் முதற்பக்கத்தில் வருத்தம் தெரிவித்த காலம் அது. கடிதம் சில காலம் என் மேசை இழுப்பறையில் கிடந்தது. அலுவலகம் இடம் மாறியபோது தொலைந்துபோயிற்று.

விடயம் எளிமையானது. தீயோ கொதிநீரோ பட்ட தோலில் வெப்பம் உடனே மறைந்துவிடுவதில்லை. அதன்மேல் பூசப்படும் கொழுப்புப் பூச்சு வெப்பத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். செய்யவேண்டியது, குழாய்நீரை இருபது நிமிடங்கள் அதன்மேல் ஓடவிடுவதுதான். ஐஸ் கட்டி வேண்டாம். நம்மவர்களுக்கு மிகவும் பிடித்தமான பற்பசையும் தேங்காயெண்ணெயும் முட்டை வெள்ளைக்கருவும் வேண்டவே வேண்டாம். காயம் சிறியதாயின், நன்கு குளிர்ந்த பின்னர் மெல்லியதாக வாஸலின் பூசிச் சுத்தமான துணியால் மூடலாம். காயம் பெரியதாயின், அல்லது முகத்திலோ கையிலோ பட்டிருந்தால், அல்லது பட்டது குழந்தையாயின், வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். "பட்டவுடன்" என்ற ஒரு சொல்லில்தான் நான் செய்த பிழை முழுவதும் இருந்தது.

இப்பிழைக்கு நெடிய வரலாறு உண்டு. 1859 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள டைட்டஸ்வில் என்ற ஊரில் எட்வின் டிரேக் என்பவர் எண்ணெய்க் கிணறு தோண்டி வெற்றி கண்டார். அங்கு வேலை தேடிச் சென்ற ரொபர்ட் செஸ்பரோ என்ற இளம் இரசாயனவியலாளர், குழாய்த் தண்டுகளில் ஒட்டிக்கொண்டு வேலைக்கு இடைஞ்சல் தந்த கரிய மெழுகைத் தொழிலாளர்கள் வெட்டுக்காயங்களிலும் சுட்ட புண்களிலும் பூசுவதைக் கண்டார். அம்மெழுகைச் சுத்திகரிக்க அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. 1872 இல் வாஸலின் என்ற பெயரில் காப்புரிமை பெற்றார். விற்பனைக்காக ஊர் ஊராகச் சென்று, தம் தோலைத் தாமே சுட்டுக்கொண்டு அதன்மேல் மருந்தைப் பூசிக்காட்டினாராம். நாள்தோறும் ஒரு கரண்டி உண்டதாகவும் கூறிக்கொண்டார். 96 வயது வரை வாழ்ந்தார் என்பதைக் காட்டி நீங்களும் உண்ணத் தொடங்கிவிடாதீர்கள்.

2022 இல் பெற்றோலுக்காக நாங்கள் வரிசையில் காத்துக் கிடந்தோமே, அந்தப் பெற்றோல் பிறக்கும் மசகெண்ணெயின் மற்றொரு பிள்ளைதான் இது.

என் மறுப்பைக் கண்ட கனடா நண்பர், "மற்ற நாற்பத்தொன்பதும் சரிதானே?" என்று கேட்டார். பெரும்பாலும் சரிதான். ஆனால் எதற்காகச் சரி என்பதை அறியாதவரைக்கும் பட்டியலால் பயனில்லை. வாஸலினில் நீர் இல்லை, மருந்தும் இல்லை. அது ஒரு மூடி. தோலிலுள்ள ஈரம் ஆவியாகிப் போகாமல் தடுக்கிறது, அவ்வளவே. ஆகவே வரண்ட தோலில் பூசுவதைவிடக் குளித்துத் துவட்டிய கையோடு, தோல் சற்று ஈரமாயிருக்கையில் பூசுவது மேலானது. ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் பனிக்காற்றில் தோல் உரியும் நம் முதியவர்களுக்கு இது பெரிய உதவி. அதே காரணத்தால் யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் வேர்க்குருவின் மேல் அப்பினால் வியர்வை வழி அடைபட்டு நிலைமை மோசமாகும்.

இரும்பிலும் இதே கதைதான். கத்தரிக்கோலில் மெல்லியதாகப் பூசிவைத்தால் ஈரம் அண்டாது, துருப் பிடிக்காது. வாகனப் பற்றறியின் முனைகளுக்கும் நல்லது. கிறீச்சிடும் பிணைச்சல், விரலிற் சிக்கிய மோதிரம், தலைக்கு மை பூசுமுன் நெற்றியோரம் என்று எதற்கும் உதவும். சைக்கிள் சங்கிலிக்கு வேண்டாம்; ஊர்ப் புழுதி முழுவதும் அதில் வந்து ஒட்டும். இறப்பரில் படக்கூடாது, எண்ணெய்ப் பசை இயற்கை இறப்பரைப் பலவீனமாக்கும். கருத்தடை உறைகளில் பெரும்பாலானவை இறப்பரால் ஆனவை என்பதை மகளிர் பக்கத்தில் எழுத 1996 இல் எவரும் அனுமதித்திருக்கமாட்டார்கள். இப்போது எழுதிவிடுகிறேன்.

ஆங்கிலக் கால்வாயை நீந்துவோர் அக்குளிலும் கழுத்திலும் இவ்வகைப் பசையைப் பூசிக்கொள்வர். குளிருக்காக என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது தோல் உரசிப் புண்ணாகாமலிருக்கவே. அக்கால்வாயில் 1984 இல் உயிர்நீத்த வல்வெட்டித்துறை ஆனந்தனை நினையாமல் என் தலைமுறையினரால் இதைப் பற்றி எழுத இயலாது.

பட்டியலில் இல்லாத ஒன்றைப் பற்றியே எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. என் மூத்த அக்கா நீரிழிவு நோயாளி. குதிக்காலில் பித்தவெடிப்பு ஆழமாகப் பிளந்திருந்தது. பார்த்துவிட்டு ஏதும் பூசக்கூடாதா என்று கேட்டேன். "உந்த வெடிப்புக்கெல்லாம் ஆரேன் டொக்டரிட்டைப் போவினமோ, தம்பி?" என்று சிரித்தார். நரம்பு மரத்துப்போன காலில் வலி தெரிவதில்லை. வெடிப்பினூடாகக் கிருமி புகுந்தது அவருக்குத் தெரியவே இல்லை. 2015 இல் அவரது வலப் பாதத்தின் ஒரு பகுதியை அகற்றவேண்டியதாயிற்று. நாள்தோறும் இரவில் கழுவித் துடைத்துச் சிறிது வாஸலின் பூசியிருந்தால் அவர் தப்பியிருப்பார் என்று உறுதியாகச் சொல்ல நான் வைத்தியன் அல்லன். ஆயினும் அவ்வாறு பூசும் பழக்கம் இருந்திருந்தால், தினமும் ஒரு தடவையாவது அந்தக் காலை யாராவது உற்றுப் பார்த்திருப்பார்கள். நீரிழிவாளர்கள் குதிக்காலுக்கும் பாதத்துக்கும் பூசலாம். விரல் இடுக்குகளில் மட்டும் பூசக்கூடாது. அங்கே ஈரம் தேங்கினால் பூஞ்சணம் பிடிக்கும்.

நம் வீடுகளில் முகத்துக்குச் செலவிடும் பணத்தில் நூற்றிலொரு பங்கும் பாதத்துக்குப் போவதில்லை. தோலை வெளுப்பாக்குவதாக வாக்களிக்கும் களிம்புகளின் விளம்பரங்களைப் பக்கம் பக்கமாக வெளியிட்டவர்கள் பத்திரிகைக்காரராகிய நாங்களே. எவ்வித வாக்குறுதியும் தராத இந்தச் சின்ன டப்பாவுக்கு எங்களிடம் கால் பக்கம்தான் இருந்தது. அதிலும் பிழை விட்டோம்.

படுக்கையிலிருக்கும் முதியோரைப் பராமரிப்போர் கவனிக்க வேண்டியவை இன்னும் இரண்டு உள்ளன. மூக்கின் உட்புறம் காய்ந்திருக்கிறதென்று நாட்கணக்கில் உள்ளே பூசிவரக்கூடாது. அது சிறுகச் சிறுக நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கக்கூடும். மற்றது, வாஸலின் ஊறிய படுக்கை விரிப்பும் சேலையும் சாதாரணத் துணியைவிட வேகமாகத் தீப்பற்றும். பிரித்தானிய மருந்து ஒழுங்குபடுத்தல் நிறுவனம் 2018 இல் இதைப் பற்றி எச்சரித்தது. குத்துவிளக்குக்கும் அடுப்புக்கும் அருகில் நடமாடும் நம் பெண்கள் இதை அறிந்திருக்கவேண்டும். துவைத்தாலும் முழுமையாகப் போய்விடுவதில்லை.

அக்காலத்தில் மகளிர் பக்கக் குறிப்புகளை வெட்டிக் கொப்பியில் ஒட்டிவைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தபோதும் சிலர் அக்கொப்பிகளைக் கொண்டுசென்றனர் என்பதை நான் அறிவேன். உங்கள் வீட்டிலோ உங்கள் தாயாரின் பெட்டகத்திலோ 1996 ஆம் ஆண்டின் அத்தகைய கொப்பி ஒன்று இருந்து, அதில் வாஸலின் பற்றிய இருபது குறிப்புகளும் இருக்குமாயின், தீக்காயம் பற்றிய வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, அருகில் "முதலில் இருபது நிமிடம் தண்ணீர்" என்று எழுதிவிடுமாறு அதை எழுதியவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.