லண்டனிலிருந்து வந்த அக்காவும் 54ஆம் இலக்க பஸ்ஸும்

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் ஸ்காபரோவில் எங்கடை வீடுகளுக்கு விருந்தினர் வரத் தொடங்கிவிடுவார்கள். லண்டன், பாரிஸ், ஒஸ்லோ, சூரிச் என்று எங்கெங்கிருந்தோ வருவார்கள். கலியாணம், சாமத்தியவீடு, ஐம்பதாவது பிறந்தநாள் என்று ஏதாவது ஒரு சாட்டு இருக்கும். வருவது சந்தோசம்தான். ஆனால் வந்தவர்கள் எப்படி ஊர் பார்க்கிறார்கள், நாங்கள் எப்படிக் காட்டுகிறோம் என்பது பற்றி எனக்குக் கொஞ்சக் காலமாக ஒரு மனக்குறை. இதை எழுதினால் சொந்தக்காரர் கோபிப்பார்கள் என்று மனைவி சொன்னா. கோபித்தால் கோபிக்கட்டும்.

போன கோடையில் லண்டனிலிருந்து அக்காவும் அத்தானும் இரண்டு பிள்ளைகளோடு வந்தார்கள். பத்து நாள். அக்காவைக் கண்டு ஆறு வருடம். விமானநிலையத்துக்கு இரண்டு காரில் போனோம். அடுத்த நாளே எட்டுப் பேர் இருக்கக்கூடிய வான் ஒன்றை ஒரு கிழமைக்கு வாடகைக்கு எடுத்தேன். நான் மணித்தியாலச் சம்பளத்துக்கு வேலை செய்பவன். ஐந்து நாள் சம்பளமில்லாத லீவு. மனைவி பகல் வேலையை இரவுக்கு மாற்றிக்கொண்டு, விடிய வந்து இடியப்பம் அவித்தா.

ஒரு நாள் நயாகரா, ஒரு நாள் சி.என். ரவர், ஒரு நாள் ஒட்டாவா, மிச்ச நாளெல்லாம் பெரிய மோல்கள். 401இல் வாகன நெரிசலில் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு முழு நாள் வரும். நான் றோட்டைப் பார்த்தபடி, அத்தான் போனில் வழி பார்த்தபடி, பிள்ளைகள் பின்னாலிருந்து வீடியோ பார்த்தபடி. அக்கா நடு சீற்றில் நித்திரை. ஆறு வருடத்துக்குப் பிறகு வந்த அக்காவோடு அந்த ஒரு கிழமையில் நான் ஒழுங்காக ஒரு மணித்தியாலம் கதைக்கவில்லை.

எட்டாம் நாள் வானைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அன்று காலை அக்கா கேட்டா, "தம்பி, நீ வந்த புதிசில எங்க இருந்தனி? அதை ஒருக்காக் காட்டன்." என்ரை காரில் எல்லோரும் ஏற இடமில்லை. "பஸ்ஸில போவமோ?" என்றேன். அத்தானின் முகம் கொஞ்சம் மாறியது. ஆனாலும் வந்தார்.

லோறன்ஸும் கென்னடியும் சந்திக்கும் இடத்தில் 54ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினோம், கிழக்குப் பக்கமாக. நான் 1989இல் இங்கு வந்தபோது எனக்குத் தெரிந்த முதல் கனடா இந்த பஸ்தான். டவுன்ரவுனில் கோப்பை கழுவிவிட்டு இரவு பஸ் மாறி மாறி வருவேன். பொக்கற்றில் ரோக்கன், கையில் ட்ரான்ஸ்பர் துண்டு. கண்ணாடியில் தலையைச் சாய்த்து நித்திரை கொண்டு, இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டுப் பனிக்குள் நடந்த நாட்களும் உண்டு. இதையெல்லாம் அக்காவுக்குச் சொல்லிக்கொண்டு போனேன். மக்கவன் வீதியில் ஆஸ்பத்திரியைக் கண்டதும், "இஞ்சதான் மகள் பிறந்தவள்" என்றேன். அக்கா எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தா. மார்க்கம் வீதிக்குக் கிட்ட நான் ஐந்து பேரோடு ஒரு அறையில் இருந்த கட்டடத்தைக் காட்டினேன். ஒரு தமிழ் அம்மா ஏறி அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து, "எந்த ஊர்?" என்று கேட்டா. கதைத்துப் பார்த்தால் அக்காவோடு படித்தவவின் மாமி! வானுக்குள் இது நடந்திருக்குமா?

ஏறக்குறைய முக்கால் மணித்தியாலத்தில் கடைசித் தரிப்பிடம். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் றூஜ் ஆறு ஒன்ராறியோ ஏரியில் கலக்கும் கடற்கரை. கடல் இல்லைத்தான், ஆனால் எங்களுக்கு அது கடற்கரைதான். அந்தப் பக்கமெல்லாம் றூஜ் தேசிய நகரப் பூங்கா. 2015இல் கனடாவின் முதலாவது தேசிய நகரப் பூங்காவாக்கினார்கள், 79 சதுர கிலோமீற்றர் அளவு. உள்ளே போகக் காசு இல்லை. 17ஆம் நூற்றாண்டில் செனெக்கா பூர்வகுடிகளின் கிராமம் ஒன்று இந்த ஆற்றோரம் இருந்தது. எங்களுக்கு முன்னால் இங்கே யார் இருந்தார்கள் என்பதை, மண்ணை இழந்து வந்த நாங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா? அன்று பின்னேரம் வரை மணலில் இருந்து கதைத்தோம். அம்மாவின் கடைசிக் காலம் பற்றி அக்கா முதல்முதலாக அன்றுதான் சொன்னா.

இனி என்ரை கருத்துக்கு வருகிறேன்.

நாங்கள் ஏன் வான் பிடிக்கிறோம்? வசதிக்கு என்று சொல்லுவோம். உண்மைக் காரணம் வேறு. பஸ்ஸில் கூட்டிக்கொண்டு திரிந்தால், "அவன் அங்க கஷ்டப்படுறான் போல" என்று லண்டனுக்கும் ஊருக்கும் கதை போய்விடும் என்ற பயம். லண்டனில் அதே அத்தான் தினமும் ரியூப்பில்தான் வேலைக்குப் போகிறார், அது கௌரவக் குறைச்சல் இல்லை. இங்கே மட்டும் பஸ் என்றால் ஏழையின் வாகனம். அந்த பஸ்ஸில் விடிய நாலு மணிக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறவர்கள், நேற்று வந்திறங்கிய அகதிகள், எங்களைப் போல ஒரு காலத்தில் இருந்தவர்கள். அவர்களோடு ஒரு அரை மணித்தியாலம் இருப்பதில் என்ன வெட்கம்?

சூழல் கணக்கையும் நேர்மையாகப் பார்ப்போம். ரொறன்ரோ வெளியேற்றும் வெப்பவாயுக்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு போக்குவரத்தால் வருவது. ஆனால் லண்டனிலிருந்து ஒருவர் பறந்து வந்து திரும்பிப் போவதே ஒரு தொன் கரியமிலவாயுவுக்குக் கிட்ட வரும். அதற்கு முன்னால் வானும் பஸ்ஸும் சின்ன விசயம் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். அதனால்தான் சொல்கிறேன், வருவதைக் குறைத்து, வந்தால் கூட நாள் நில்லுங்கள். ஒரு வார இறுதிக் கலியாணத்துக்கு ஒவ்வொரு வருடமும் ஓடி வருவதிலும் பார்க்க, மூன்று வருடத்துக்கு ஒருமுறை வந்து மூன்று கிழமை நிற்பது பூமிக்கும் நல்லது, உறவுக்கும் நல்லது.

மற்றவை எல்லாம் சின்னச் சின்ன விசயங்கள். பியர்சனிலிருந்து யூனியன் நிலையத்துக்கு 2015 முதல் ரயில் ஓடுகிறது, 25 நிமிடம். பெட்டி குறைவென்றால் அதில் வரலாம். பஸ்ஸிலோ சப்வேயிலோ பாங்க் கார்ட்டைத் தட்டினால் 3.30 டொலர், அதோடு இரண்டு மணித்தியாலத்துக்கு எத்தனை தரமும் ஏறி இறங்கலாம். 12 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம். கடைக்கு வெளியே வானை ஸ்ரார்ட்டில் விட்டு ஏ.சி. போட்டுக் காத்திருப்பது எங்களுக்குப் பழக்கம். இந்த நகரத்தில் ஒரு மணித்தியாலத்துக்குள் ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படி விடக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. தண்ணீர்ப் போத்தலைப் பெட்டி பெட்டியாக வாங்காதீர்கள். குழாய்த் தண்ணீர் அதே ஏரியிலிருந்து சுத்திகரித்து வருவதுதான், பயமில்லாமல் குடிக்கலாம்.

இன்னொன்று ஸ்காபரோ பிளவ்ஸ். ஏரிக்கரையோடு 15 கிலோமீற்றருக்கு நிற்கும் மண் மலை, உயர்ந்த இடத்தில் 90 மீற்றர் வரும். 1793இல் எலிசபெத் சிம்கோ அம்மையார் இதைப் பார்த்து இங்கிலாந்திலுள்ள ஸ்காபரோ நினைவு வந்துதான் இந்தப் பெயரை வைத்தாராம். மருமகனுக்கு அது நல்ல புழுகம். ஆனால் அவனும் வேலியைத் தாண்டி விளிம்பில் நின்று படம் எடுக்கப் போனான். அது கல் இல்லை, பனியுகக் காலத்து மணலும் களியும். காலுக்குக் கீழே இடிந்து விழும். எங்கள் ஒரு படத்துக்காகத் தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி இறங்க வேண்டுமா? கோடை வார இறுதிகளில் பிரிம்லி வீதி கார்களால் அடைத்துப்போய் அங்கே குடியிருப்பவர்கள் படும் பாட்டையும் நினையுங்கள். அந்த நாட்களில் கென்னடி நிலையத்திலிருந்து 175ஆம் இலக்க பஸ் கீழே வரை போகிறது.

"ஸ்காபரோவில் பஸ்ஸை நம்பலாமோ?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்வி. 1985இலிருந்து ஓடிய ஆர்.ரி. ரயில் 2023 ஜூலை 24ஆம் திகதி தடம் புரண்டது. ஐந்து பேருக்குக் காயம். பிறகு அது ஓடவேயில்லை. அதற்குப் பதிலான சப்வே இன்னும் கட்டி முடியவில்லை. முழங்கால் நோவுள்ள அப்பாவை ஜனவரிக் குளிரில் தரிப்பிடத்தில் நிறுத்தச் சொல்லி நான் சொல்லவில்லை. அவருக்குக் கார்தான் வேண்டும். நயாகராவுக்கு எட்டுப் பேர் ஒரு வானில் போவதிலும் பிழை இல்லை. ஆனால் பத்து நாளில் இரண்டு நாளாவது இந்த ஊரில் இருப்பவர்கள் போகிற மாதிரிப் போய்ப் பாருங்கள். உங்களைக் கூட்டித் திரிபவனும் மணித்தியாலக் கணக்கில் உழைப்பவன் என்பதையும் நினையுங்கள். நீங்களாகவே பஸ்ஸில் போய் வந்தால் அவன் வேலைக்குப் போய்விட்டுப் பின்னேரம் உங்களோடு களைப்பில்லாமல் இருந்து சாப்பிடுவான்.

அக்கா திரும்பிப் போய் ஒரு கிழமையில் போன் எடுத்தா. நயாகராவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்த பஸ்ஸில வந்த அம்மாவை மற்றப் பக்கம் கண்டனியோ?" என்றுதான் கேட்டா. காணவில்லை. ஆனால் 54இல் ஏறும்போதெல்லாம் தேடுகிறேன்....