தண்ணீரில் ஆள் இருந்தால் எஞ்சின் நிற்கட்டும்: படகோட்டிகளுக்கும் கடலாட வருவோருக்கும் ஒரு வேண்டுகோள்



படகில் போய் நடுவழியில் தண்ணீரில் இறங்கி நீந்துவது இப்போது நம்மவர்களின் விடுமுறைத் திட்டங்களில் சாதாரணமாகிவிட்டது. பவளப்பாறை பார்க்க அந்தமானுக்கும் திருகோணமலைப் புறாத்தீவுக்கும் போகிறோம். புதுச்சேரியிலும் சென்னை அருகேயுள்ள கோவளத்திலும் கடல் விளையாட்டுகளுக்குப் பணம் கட்டுகிறோம். படகு என்றதும் நமக்கு வரும் அச்சம் அது கவிழ்ந்துவிடுமோ என்பதுதான். அந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2009இல் தேக்கடியில் 45 பேரும், 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் 22 பேரும், 2023 மே மாதம் தானூரில் 22 பேரும் அப்படித்தான் இறந்தார்கள். ஒவ்வொரு முறையும் நாடு இரண்டு கேள்விகளைக் கேட்டது: எத்தனை பேரை ஏற்றினார்கள்? உயிர்காப்பு அங்கி கொடுத்தார்களா? இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகளே. ஆனால் படகு கவிழாமல், அளவுக்கு மேல் ஆள் ஏற்றாமல், எல்லாரும் அங்கி அணிந்திருக்கும்போதும் ஓர் உயிர் போகலாம். படகின் பின்புறம் நீருக்கடியில் சுழலும் புரொப்பல்லர் அதைச் செய்துவிடும். இந்த ஆபத்தைப் பெருமளவு தடுக்க ஒரு பழக்கம் போதும்: படகருகே தண்ணீரில் ஆள் இருக்கும்வரை எஞ்சின் ஓடக் கூடாது. இதைப் படகோட்டிகளும் பயணிகளும் அரசும் விதியாக ஏற்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறோம்.

புரொப்பல்லரின் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் ஆபத்தின் அளவு புரியும். மூன்று இறக்கைகள் கொண்ட ஒரு சாதாரண புரொப்பல்லர் நிமிடத்துக்கு 3,200 சுற்று சுற்றினால், நொடிக்கு ஐம்பத்துமூன்று சுற்றுக்கு மேல் ஆகிறது. ஒரு நொடியில் அதன் இறக்கைகள் சுமார் 160 முறை வெட்டும். ஓடும் படகின் புரொப்பல்லர் ஒரு மனிதரைத் தலை முதல் கால்வரை கடக்க நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது என்று அமெரிக்கக் கடலோரக் காவல்படை எச்சரிக்கிறது. காலை இழுத்துக்கொள்ளவோ, கத்தவோ, அந்தக் கத்தலைக் கேட்டு படகோட்டி எஞ்சினை நிறுத்தவோ நேரம் இல்லை. காயமும் ஒரே கீறலாக இருப்பதில்லை. வரிசை வரிசையான ஆழமான வெட்டுகளாக இருக்கும். எலும்பும் இரத்தக்குழாயும் சேர்ந்தே அறுபடும், கடல்நீர் பட்டதால் கிருமித்தொற்றும் சேரும். பிழைத்தவர்களில் பலர் கையையோ காலையோ இழந்துதான் பிழைக்கிறார்கள். விபத்து நடந்த பிறகு செய்யக்கூடியது மிகக் குறைவு என்பதால்தான், நடக்காமல் தடுப்பதில் முழுக் கவனத்தையும் வைக்கச் சொல்கிறோம்.

‘நீந்துகிறவர் பார்த்து விலகிக்கொள்ள வேண்டியதுதானே’ என்று சிலர் கேட்கலாம். விலக முடியாது என்பதற்கு உடலமைப்பே சாட்சி. காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும் ஒலி, நீரில் ஏறத்தாழ 1,500 மீட்டர் போகிறது. ஒலி ஒரு காதை எட்டுவதற்கும் மறு காதை எட்டுவதற்கும் உள்ள நுண்ணிய நேர வித்தியாசத்தைக் கொண்டுதான் அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மூளை கண்டுகொள்கிறது. நீருக்குள் அந்த வித்தியாசம் மிகவும் சுருங்கிவிடுவதால் எஞ்சின் சத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வருவதுபோல் இருக்கும். நீரிலேயே பிறந்து வளரும் உயிர்களும் படகிலிருந்து விலகுவதில் தோற்றுப்போகின்றன. ஃபுளோரிடாவில் வாழும் கடற்பசுக்களில் பலவற்றின் முதுகில் புரொப்பல்லர் தழும்புகள் உண்டு. அந்தத் தழும்புகளின் வடிவத்தை வைத்தே ஆய்வாளர்கள் ஒவ்வொன்றையும் அடையாளம் காண்கிறார்கள். கடலில் வாழும் விலங்கால் முடியாததை விடுமுறைக்கு வந்த மனிதரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அங்கி அணிந்தவர் நிலை இன்னும் கடினம். மிதக்க வைக்கும் அதே அங்கி, அவர் மூழ்கி ஒதுங்குவதையும் தடுத்துவிடுகிறது.

படகோட்டியின் கண்ணும் முழுமையாக உதவாது. நீந்துகிறவரின் தலை மட்டுமே நீருக்கு மேலே தெரியும், சிற்றலை எழுந்தால் அதுவும் மறையும். வேகம் கூட்டும்போது படகின் முன்புறம் தூக்கிக்கொண்டு பார்வையை மறைக்கும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் படகு 50 மீட்டரை ஆறு நொடியில் கடந்துவிடும். திரும்பும்போது படகின் பின்புறம் எதிர்ப்பக்கமாக வீசி வரும் என்பதால், முன்புறம் தப்பித்தவரைப் பின்புறம் அடிக்கலாம். எல்லாவற்றையும்விட, ஆட்கள் ஏறி இறங்கும் ஏணி பல படகுகளில் பின்புறத்தில், எஞ்சினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. களைத்துப்போய் ஏணியைப் பிடிக்கும் ஒருவரின் கால்கள் தாமாகவே படகுக்கு அடியில் போகும். புரொப்பல்லர் இருப்பதும் அங்கேதான்.

நடந்த இரண்டு விபத்துகளை மட்டும் நினைவூட்டுகிறோம். 2000 டிசம்பர் 18 அன்று மெக்சிகோவின் கோசுமெல் தீவருகே ஆங்கிலப் பாடகி கர்ஸ்ட்டி மக்கால் தம் மகன்களுடன் முக்குளித்துவிட்டு மேலே வந்தார். அது முக்குளிப்போருக்கென ஒதுக்கப்பட்ட பகுதி. அங்கே வேகமாக வந்த விசைப்படகின் பாதையிலிருந்து மகனைத் தள்ளிவிட்டு, அவர் உயிரிழந்தார். அவருக்கு வயது 41. இரண்டாவது, 2013 மே மாதம் இங்கிலாந்தின் பேட்ஸ்டோ ஊருக்கு அருகே நடந்தது. திரும்பிய வேகத்தில் ஒரு குடும்பத்தின் ஆறு பேரும் படகிலிருந்து தூக்கியெறியப்பட்டார்கள். ஆளில்லாத படகு எஞ்சின் ஓடியபடியே வட்டமடித்து வந்து அவர்களையே தாக்கியது. தந்தையும் எட்டு வயது மகளும் இறந்தார்கள், தாய் ஒரு காலின் கீழ்ப்பகுதியை இழந்தார். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்திவிடும் கயிறு அந்தப் படகில் இருந்தது. யார் உடலிலும் மாட்டப்பட்டிருக்கவில்லை. கோசுமெலில் ஒதுக்கிய பகுதி இருந்தது, பேட்ஸ்டோவில் கருவி இருந்தது. இரண்டு இடத்திலும் பழக்கம் இல்லாததுதான் உயிரைக் கொண்டுபோனது.

நம் கரையின் நிலையும் மாறிவிட்டது. முன்பு அலையில் ஏறி வந்து மணலில் ஒதுங்கியவை கட்டுமரங்கள், துடுப்பால் இயங்கியவை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு ஃபைபர் படகுகள் கரை நெடுகப் பெருகின. அவற்றில் பல, நீண்ட தண்டின் நுனியில் மூடாக்கு இல்லாத புரொப்பல்லர் கொண்ட டீசல் எஞ்சினோடு ஓடுகின்றன. துறைமுகம் இல்லாத ஊர்களில் இப்படகுகள் மணலில்தான் கரையேற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குளிக்க இறங்குவதும் அதே மணலில்தான். இதில் மீனவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. படகு கரையேறும் துறை அவர்களின் தொழிலிடம், குளிக்க வருகிறவர்கள்தான் அங்கே விருந்தாளிகள். அலையின் வாயில் எஞ்சினை நிறுத்தினால் படகு கவிழும் என்பதும் உண்மை. ஆகவே படகு ஏறி இறங்கும் துறையில் குளிக்காமலிருப்பது குளிக்க வருகிறவரின் கடமை. நாங்கள் முன்வைக்கும் விதி மீன்பிடித் தொழிலை நோக்கியதல்ல. ஆட்களை நீரில் இறக்குவதற்காகவே போகும் படகுகளை நோக்கியது.

அப்படிப்பட்ட படகோட்டிகள் சொல்லும் முதல் பதில், ‘நியூட்ரலில்தான் வைத்திருக்கிறேன்’ என்பது. மிக்ஸி ஜாரில் கைவிட்டு வழிக்கும் முன் சுவிட்ச் அணைந்திருந்தாலும் பிளக்கைப் பிடுங்குகிறோமே, அந்த எச்சரிக்கை இங்கேயும் வேண்டும். நெரிசலான படகில் ஒரு குழந்தையின் முழங்கால் பட்டால் போதும், கியர் விழுந்துவிடும். தேய்ந்த இணைப்புகளால் நியூட்ரலிலும் புரொப்பல்லர் மெல்லச் சுற்றுவது உண்டு. நீள்தண்டு எஞ்சின்கள் பலவற்றில் நியூட்ரல் என்பதே கிடையாது, எஞ்சின் ஓடினால் புரொப்பல்லரும் ஓடும். இரண்டாவது பதில், ‘எஞ்சினை நிறுத்தினால் நீரோட்டம் படகை இழுத்துவிடும், மறுபடி கிளப்புவது சிரமம்’ என்பது. இதில் நியாயம் இருக்கிறது. அதற்குத்தான் நங்கூரம் இருக்கிறது, மிதவையில் கட்டலாம், நல்ல பராமரிப்பும் வேண்டும். நங்கூரம் நிற்காத அளவுக்கு இழுவை உள்ள இடம் என்றால், நீச்சல் தெரியாத சுற்றுலாப் பயணியை இறக்குவதற்கான இடமே அது அல்ல. எஞ்சினை நிறுத்த முடியாத இடத்தில் ஆளை இறக்கக் கூடாது.

புரொப்பல்லரைச் சுற்றிக் கூண்டு மாட்டினால் போதாதா என்பது அடுத்த கேள்வி. மெதுவாக ஓடும் பயிற்சிப் படகுகளுக்கும் மீட்புப் படகுகளுக்கும் கூண்டு நல்ல பயன் தரும். வேகப் படகிலோ அது இழுவையைக் கூட்டி எரிபொருளைத் தின்னும். அந்த வேகத்தில் கூண்டே மோதினாலும் மண்டை உடையும். வெளியே புரொப்பல்லர் இல்லாத ஜெட் ஸ்கீக்கும் இதுவே பொருந்தும்: வெட்டாது, ஆனால் மோதும். ஆகவே கூண்டு கூடுதல் காவலாக இருக்கட்டும். எஞ்சினை நிறுத்துவதற்கும் விலகி ஓட்டுவதற்கும் அது மாற்றாகாது.

‘இப்படி இறப்பவர்கள் எத்தனை பேர், நீரில் மூழ்கி இறப்பவர்கள்தானே அதிகம்?’ என்றும் கேட்கலாம். மூழ்கி இறப்பவர்களே அதிகம், அதில் ஐயமில்லை. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் விபத்து மரண அறிக்கையில் படகு கவிழ்ந்து இறந்தவர்களுக்குத் தனிக் கணக்கு உண்டு. புரொப்பல்லரால் இறந்தவர்களுக்கு இல்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படை அதைத் தனியாக எண்ணி ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அங்கே 26 அடிக்குக் குறைவான பெரும்பாலான படகுகளை வேகமாக ஓட்டுபவர்கள் எஞ்சின் நிறுத்தும் கயிற்றை மாட்டியிருக்க வேண்டும் என்பது 2021 ஏப்ரல் 1 முதல் சட்டம். நியூசிலாந்தில் நீந்துகிறவருக்கு 50 மீட்டருக்குள்ளும் கரைக்கு 200 மீட்டருக்குள்ளும் மணிக்கு ஐந்து கடல்மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. அது மணிக்கு சுமார் ஒன்பது கிலோமீட்டரே. விபத்து அரிது என்பது எதையும் செய்யாமலிருக்கக் காரணமாகாது, அதுவும் தடுப்பதற்கான செலவு ஒரு சாவியைத் திருப்புவதாக இருக்கும்போது.

எனவே படகோட்டிகளைக் கேட்டுக்கொள்கிறோம்: முதல் ஆள் இறங்கும் முன் எஞ்சினை நிறுத்துங்கள், சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், முடிந்த படகில் எஞ்சினை நீருக்கு மேலே தூக்கி வையுங்கள், நின்றிருக்கும் புரொப்பல்லரின் விளிம்பும் காலைக் கிழிக்கும். கடைசி ஆள் ஏறி உட்கார்ந்து, தலைகளை எண்ணி, பின்புறம் எட்டிப் பார்த்த பிறகே கிளப்புங்கள். எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிற்றின் ஒரு முனையை ஓட்டும் முன் மணிக்கட்டிலோ அங்கியிலோ மாட்டிக்கொள்ளுங்கள். ஓடும்போது யாராவது விழுந்தால், விழுந்த பக்கமாகவே படகைத் திருப்புங்கள். பின்புறம் அவரைவிட்டு விலகும். உடனே எஞ்சினை நிறுத்துங்கள். பின்னோக்கி வந்து யாரையும் ஏற்றாதீர்கள்.

பயணிகளுக்கு: ‘எஞ்சினை நிறுத்திட்டீங்களா அண்ணே?’ என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். படகு ஓடும்போது முன்முனையில் கால் தொங்கவிட்டு உட்காராதீர்கள்; அங்கிருந்து விழுபவர் நேராகப் புரொப்பல்லரிடம்தான் போவார். பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள், தனியே நீந்தினால் மிதவை ஒன்றை இழுத்துச் செல்லுங்கள். அடிபட்டவரைக் கண்டால் முதலில் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். தூக்கியதும் காயத்தின் மீது துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள், கை கால் என்றால் காயத்துக்கு மேலே இறுகக் கட்டுங்கள், 108ஐயும் இந்தியக் கடலோரக் காவல்படையின் 1554ஐயும் அழையுங்கள்.

அரசையும் உள்ளாட்சிகளையும் கேட்பது மூன்று. 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கோவளம் கடற்கரையைப்போல், கூட்டம் கூடும் ஒவ்வொரு கரையிலும் குளிக்கும் பகுதியை மிதவைகளால் பிரித்து, படகுக்குத் தனி வழி ஒதுக்க வேண்டும். சுற்றுலாப் படகுக்கு உரிமம் தரும்போது அங்கிகளை எண்ணுவதோடு நிறுத்தாமல், நிறுத்தும் கயிறும் எஞ்சின் விதியும் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று சோதிக்க வேண்டும். புரொப்பல்லர் காயங்களைத் தனியே பதிவுசெய்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அரசு செய்யும்வரை நாம் காத்திருக்கத் தேவையில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் படகிலிருந்து இறங்க மாட்டேன் என்று பயணிகள் சொல்லத் தொடங்கினால், ஒரே பருவத்தில் எல்லாப் படகுகளிலும் இந்த விதி வந்துவிடும். அதை அடுத்த பயணத்திலேயே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடற்கரை ஊர்களின் படகோட்டிகள், நீச்சல் பயிற்றுநர்கள், அவசர சிகிச்சைப் பணியாளர்கள் சார்பில்.