எஞ்சின் மலிவு, கியர்பாக்ஸ் எங்கே?

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ஏதாவது ஒரு வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்திய அம்பாசிடர் நிற்கும். தாத்தா வாங்கியது, அப்பா ஓட்டியது, இப்போது எஞ்சின் புகை கக்குகிறது. அந்த வீட்டுப் பையன் கல்லூரியில் படிப்பான். கையில் கொஞ்சம் பணம், மண்டையில் பத்து யூடியூப் வீடியோ. "வேற எஞ்சின் தூக்கி வச்சிடலாம்டா" என்று ஒரு நண்பன் சொல்வான். செலவு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இப்படிக் கிளம்புகிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "எஞ்சின் என்ன விலை?" தவறான கேள்வி. பி.காம் முதல் வருடக் கணக்குப் பதிவியலிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஒரு இயந்திரத்தின் அடக்க விலை என்பது கடைக்காரரிடம் கொடுத்த பணம் மட்டும் இல்லை. அதைக் கொண்டுவந்து இறக்கி, பொருத்தி, ஓடவிடுகிற வரைக்கும் ஆகிற எல்லாமே அதில் சேரும். பரீட்சையில் இதைச் சரியாக எழுதி மார்க் வாங்குகிறவர்கள்கூட புதுப்பேட்டைக்குப் போனால் மறந்துவிடுகிறார்கள் :-)

பழைய கம்பெனியின் கியர்பாக்ஸை அப்படியே வைத்துக்கொண்டு, மலிவாகக் கிடைத்த வேறு கம்பெனி எஞ்சினை மட்டும் வாங்கினால் என்ன ஆகும்? எஞ்சினின் பின்பக்க போல்ட் ஓட்டைகளும் கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங் ஓட்டைகளும் ஒன்றுக்கொன்று சேராது. நடுவில் ஒரு அடாப்டர் தகடு வேண்டும். லேத் பட்டறையில் அது மயிரிழை பிசகாமல் வர வேண்டும். மையம் கொஞ்சம் விலகினாலும் பேரிங் சீக்கிரம் போய்விடும். புது எஞ்சினின் கிளட்ச் பிளேட்டின் நடுப்பல் பழைய கியர்பாக்ஸ் ஷாஃப்டுக்கு ஏறாது, அதையும் மாற்ற வேண்டும். எஞ்சின் மவுண்டிங்கை வெட்டி ஒட்ட வேண்டும். நீளம் மாறினால் புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டிச் சேர்த்து பேலன்ஸ் பார்க்க வேண்டும். கியர் லிவர் வேறு இடத்தில் முளைத்தால் தரைத் தகட்டில் புது ஓட்டை. ரேடியேட்டர் போதாது. டீசல் எஞ்சின் என்றால் இன்னும் தலைவலி: மூக்கில் எடை கூடும், டேங்குக்குத் திரும்பிப் போகிற டீசல் குழாய் வேண்டும், பிரேக்கில் வாக்யூம் பூஸ்டர் இருந்தால் அதற்கு உறிஞ்சித் தர தனி பம்ப் வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் அந்த உறிஞ்சல் சும்மா கிடைத்தது. டீசலில் கிடைக்காது. இதை மறந்து வண்டியை எடுத்தவர் முதல் பள்ளத்தில் பிரேக் மிதிக்கும்போதுதான் நினைத்துக்கொள்வார்.

ஆக எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஒரே பொருளாகத்தான் வாங்க வேண்டும். ஒரே வண்டியிலிருந்து, ஒட்டியபடியே கழற்றியதாக இருக்க வேண்டும். கியர்பாக்ஸ் தனியாக, எஞ்சின் தனியாக வாங்கி மிச்சம் பிடிப்பது மிச்சமே இல்லை.

இதை எந்த மெக்கானிக்கும் சொல்லித் தர வேண்டாம், நம் நாட்டுக் கார் கம்பெனிகளே செய்து காட்டியிருக்கின்றன. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-இல் காண்டெஸாவைக் கொண்டுவந்தது. உடம்பு இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டருடையது, பெரிய கார். உள்ளே வைத்ததோ அம்பாசிடரின் அதே 1489 சிசி எஞ்சின். யானைக்கு ஆட்டுக்குட்டியின் இதயம். வண்டி அழகாக இருந்தது, ஓடத்தான் மனமில்லை. பிறகு ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் எஞ்சினை, ஐந்து கியர் பெட்டியோடு சேர்த்து வைத்தார்கள். அதே காருக்கு உயிர் வந்துவிட்டது. 1990களின் முற்பகுதியில் அந்த இசுசு எஞ்சினும் ஐந்து கியரும் அம்பாசிடருக்கும் வந்தன.

எதிர் உதாரணம் நம் ஜி.எஸ்.டி. சாலையிலேயே இருக்கிறது. சென்னையிலிருந்து திண்டிவனம் வருகிற வழியில், பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி. 1985-இல் அவர்கள் விட்ட ஸ்டாண்டர்டு 2000 காரின் உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. ஐரோப்பாவில் 1977-இன் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய வடிவம். அங்கே அதில் வி8 எஞ்சின் வைத்தார்கள். இங்கே வைத்தது 1991 சிசி பழைய எஞ்சின். 1940களின் ஸ்டாண்டர்டு வேன்கார்டு காரின் வம்சம் அது. அதே குடும்பத்து எஞ்சின்தான் ஃபெர்குசன் டிராக்டரில் உழவு ஓட்டியது. ஏன் வைத்தார்கள்? கையில் இருந்தது, அவ்வளவுதான். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். விலை உயர்ந்த கார், இழுவை இல்லை, பெட்ரோலை மட்டும் நன்றாகக் குடித்தது. 1980கள் முடிவதற்குள் கதை முடிந்துவிட்டது. இன்ஜினியர்களும் பணமும் இருந்த கம்பெனிக்கே, மலிவாகக் கிடைத்த எஞ்சின் கடைசியில் இவ்வளவு விலை வைத்தது. பட்டறை வாசலில் நிற்கிற மாணவனுக்கு எவ்வளவு வைக்கும்?

ஐந்தாவது கியருக்கு ஏன் இத்தனை மரியாதை என்று சிலர் கேட்கலாம். கணக்குப் போட்டால் தெரியும். பின் அச்சின் கிரவுன் பினியன் விகிதம் 4.5, சக்கரம் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் போகும் என்று வைத்துக்கொண்டால், நாலாவது கியரில் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது வண்டி மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும். 0.85 விகிதத்தில் ஐந்தாவது கியர் இருந்தால் அதே 3000 சுற்றில் 94 வந்துவிடும். மெதுவாகச் சுற்றுகிற டீசல் எஞ்சினைப் பழைய நாலு கியர் பெட்டியில் மாட்டியவர்கள், திண்டிவனம் தாண்டி நாலு வழிச் சாலையில் ஏறியதும் வண்டி கத்துகிறது, ஆனால் போகவில்லை என்பார்கள். எஞ்சின் மேல் குற்றமில்லை.

சரி, இசுசு எஞ்சினும் கியர்பாக்ஸும் செட்டாகக் கிடைத்தது, பழைய 1489 சிசி அம்பாசிடரில் அழகாக உட்கார்ந்தும் விட்டது. அப்புறம்?

அப்புறம் ஆர்.சி. புத்தகம். திண்டிவனத்தின் டி.என். 16 ஆனாலும் விழுப்புரத்தின் டி.என். 32 ஆனாலும், அதில் எஞ்சின் எண்ணும் சிசியும் எரிபொருளும் எழுதியிருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், விதிகள் அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. அபராதம்கூடப் போகட்டும். விபத்து என்று ஒன்று நடந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி அந்த எஞ்சின் எண்ணைக் காட்டியே பின்வாங்கப் பார்க்கும். அடிபட்டவர் குடும்பத்துக்கு யார் பணம் கொடுப்பது? சைலன்சரை மாற்றி ஊரை எழுப்புகிறவனையும், தாத்தா காரைக் காப்பாற்ற நினைப்பவனையும் சட்டம் ஒரே தட்டில் வைக்கிறது என்று வருத்தப்படலாம். ஆனால் அடிபட்டவர் பக்கம் நின்று பார்த்தால் சட்டம் கறாராக இருப்பதில் நியாயம் இருக்கிறது.

நியாயமில்லாத இடம் வேறு. அதே பழைய காரில் அங்கீகாரம் பெற்ற மின்சாரக் கிட் வைக்கலாம், சி.என்.ஜி. கிட் வைக்கலாம், விதி வழி விட்டிருக்கிறது. ஆனால் அதே கம்பெனி, அதே மாடல் காருக்குத் தானே பிற்பாடு பொருத்தி விற்ற எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வைக்க வழி இல்லை. கம்பெனியே சோதித்து, அரசாங்கம் அனுமதித்து, ஆயிரக்கணக்கில் சாலையில் ஓடிய ஜோடி அது. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது, இனி புது வண்டி வரப்போவதில்லை. இந்த ஒரு வகை மாற்றத்துக்கு மட்டும், செட்டாகப் பொருத்த வேண்டும், பிரேக்கும் அந்தப் பிற்கால மாடலுடையதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, பிரேக் இன்ஸ்பெக்டர் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போடலாம். கேட்பது அதிகமா?

அந்த விதி வருகிற வரை, பட்ஜெட்டுக்கு அடங்குகிற வழி பழைய எஞ்சினையே ரீபோர் செய்து பிஸ்டன் மாற்றுவது. பிளாக் உடைந்து அதுவும் முடியாது என்றால், அதே வகை எஞ்சினைத் தேடி, கழற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துவிடுவது. வாங்கும்போது பில்லும், அந்த எஞ்சின் எந்த வண்டியிலிருந்து இறங்கியதோ அதன் ஆர்.சி. நகலும் கேட்டு வாங்க வேண்டும். திருட்டு வண்டி எஞ்சின் இல்லை என்று காட்ட வேறு காகிதம் கிடையாது. நகல் தர முடியாது என்கிற கடையில் விலை எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும்.