அச்சமில்லாத பிள்ளைகளும் நிறத் துவேஷமும்

மனிதனுடைய குணத்திற்கெல்லாம் காரணம் பூர்வஜென்ம வாசனை என்று சொல்லி வயிறு வளர்க்கும் கூட்டத்தார், கீழ்க்கண்ட சங்கதிக்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள் என்று கேட்கின்றோம்.

1961-ம் வருஷத்தில் நியூஸிலாந்து தேசத்து வைத்தியர் வில்லியம்ஸ் என்பவர், இருதயத்திலிருந்து புறப்படும் பெரிய இரத்தக் குழாய் குறுகிப்போன சில நோயாளிகளின் முகச்சாயலும் ஒன்றுபோலவே இருக்கக் கண்டார். மறு வருஷம் ஜெர்மனியில் பாய்ரன் என்பவரும் அப்படியே கண்டார். வில்லியம்ஸ் சின்ட்ரோம் என்று பெயர் பெற்ற இந்நோயுள்ள பிள்ளைகள் பேச்சில் சமர்த்தர்கள். ஆனால், மாதிரியைப் பார்த்து நாலு கட்டைகளை அடுக்கச் சொன்னால் திகைத்துப்போவார்கள். முன்பின் அறியாதவனிடத்திலும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளுவார்கள்.

இதற்குக் காரணம் பிரமன் எழுத்தல்ல. 7-ம் நம்பர் குரோமோசோம் ஜோடியில் ஒன்றில், இருபத்தைந்துக்கு மேற்பட்ட ஜீன்களைக் கொண்ட சிறு துண்டு விட்டுப்போயிருப்பதேயாகும். இரத்தக் குழாய்க்கு ரப்பர் போன்ற இழுவைத் தன்மை கொடுக்கும் எலாஸ்டின் என்னும் பொருளின் ஜீன் அத்துண்டில் இருப்பது 1993-ல் வெளியாயிற்று. தாயின் முட்டையோ தகப்பன் விந்தோ உண்டாகும்போது நேரும் பிசகு இது. பெரும்பாலும் பெற்றோரிடம் இக்குறை கிடையாது. ஆகவே மருமகளைத் தூற்றுவதற்கும், பரிகாரமென்று பணம் பறிப்பதற்கும் இதில் கடுகளவும் இடமில்லை.

2005-ல் அமெரிக்க ஆராய்ச்சிக்காரர்கள் இந்நோயாளிகளுக்குக் கோப முகங்களின் படத்தைக் காட்டி மூளையைப் பார்த்தார்கள். பயத்திற்கு முக்கியமான அமிக்டலா என்னும் பாகம், மற்றவர்களுக்குப்போல் அவ்வளவாகக் கிளம்பவில்லை. ஆள் முகமில்லாத பயங்கரக் காட்சிகளுக்கோ அதிகமாகவே கிளம்பிற்று. அதாவது இவர்களுக்குப் பயமே இல்லை என்பதல்ல, மனிதனைக் கண்டு பயமில்லை!

2010-ல் ஐரோப்பாவில் நடந்த சோதனையோ இன்னும் விசேஷமானது. நல்லவன் யார், கெட்டவன் யார் என்று கதை சொல்லி வெள்ளை நிறத்தான் படத்தையும் கறுப்பு நிறத்தான் படத்தையும் காட்டினால், சாதாரண வெள்ளைக்காரக் குழந்தைகள் நல்லதை வெள்ளையனுக்கே கொடுத்தார்கள். வில்லியம்ஸ் பிள்ளைகள் அப்படிப் பேதம் பார்க்கவில்லை. ஆண் இப்படி, பெண் இப்படி என்ற எண்ணம் மாத்திரம் இவர்களிடமும் இருந்தது. சோதிக்கப்பட்டவர்கள் சொற்பப் பேர்தான் என்பதையும் மறைக்க நாம் விரும்பவில்லை.

உடனே சனாதனிகள், "பார்த்தீர்களா, பேதம் பிறவியிலேயே உள்ளது" என்று குதிக்கலாம். பயப்படும் சக்திதான் பிறவியில் வருவது. இன்னானைக் கண்டு பயப்படு, இன்னானை இழிவாக நினை என்று எந்த ஜீனில் எழுதியிருக்கிறது? அதை வீடும் வீதியும் புகட்டுகின்றன.

இப்பிள்ளைகளைத் தெய்வக் குழந்தைகள் என்று கும்பிடப் புறப்படவும் வேண்டாம். கண்டவனையெல்லாம் நம்பி மோசம்போகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு வேண்டியது இருதயத்தைப் பார்க்க வைத்தியரும், அந்நியனிடம் எப்படி நடப்பது என்று பொறுமையாய்ப் பழக்க ஓர் ஆளுமேயாகும்.