யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார்?

பால் மரம் வெட்டும் தொழிலாளி கொண்டுவரும் பாலை நிறுக்காமல் யாரும் தொட்டியில் ஊற்றிக்கொள்வதில்லை. நிறுத்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சோதித்து, பேருக்கு நேரே கிராணி எழுதிய பிறகே பால் உள்ளே போகும். அதே தொழிலாளி சங்கத்துக்குச் செலுத்தும் சந்தாவுக்கும் இதே முறைதான். வரவு செலவு தணிக்கையாகி, வருடந்தோறும் தொழிற்சங்கப் பதிவதிகாரியிடம் போய்ச் சேர வேண்டும். அதோடு விட்டார்களா? சங்க நிதி அரசியல் கட்சிகளின் பெட்டிக்குப் போகக்கூடாதென்று 1959ஆம் வருடத்துத் தொழிற்சங்கச் சட்டத்திலேயே தடை எழுதி வைத்தார்கள்.

முதலாளிமார் விஷயம் என்ன? ஒரு கம்பெனி ஒரு கட்சிக்கு நன்கொடை கொடுத்தால் அதை ஊரறியச் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லாமலே இந்நாட்டில் தேர்தலுக்குமேல் தேர்தல் நடந்துவந்திருக்கிறது.

1954ஆம் வருடத்துத் தேர்தல் குற்றச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. நாடாளுமன்ற வேட்பாளர் 2 லட்சம் வெள்ளிக்கும், சட்டமன்ற வேட்பாளர் 1 லட்சம் வெள்ளிக்கும் மேல் செலவழிக்கக்கூடாது என்கிறது அது. மாதம் 1,700 வெள்ளி வாங்குபவருக்கு அந்த 2 லட்சம் ஏறக்குறைய ஒன்பதே முக்கால் வருடச் சம்பளம்! அது போகட்டும். வேட்பாளருக்குத்தான் இந்த வரம்பு. கட்சி செலவழித்தால் வரம்பில்லை. முன்வாசலுக்குப் பூட்டு, பின்வாசல் திறப்பு.

2015இல் அப்போதைய பிரதமர் நஜிப் ரசாக்கின் சொந்த வங்கிக் கணக்கில் ஏறத்தாழ 260 கோடி வெள்ளி வந்ததாகச் செய்தி வெளியாயிற்று. அது நன்கொடை என்று பதில் வந்தது. 2016 ஜனவரியில் அட்டர்னி ஜெனரல் குற்றமில்லையென்று கோப்பை மூடினார். எஸ்.ஆர்.சி. கம்பெனியின் 4 கோடியே 20 லட்சம் வெள்ளி பற்றிய வழக்கில் அவருக்கு 2020இல் தண்டனை விதிக்கப்பட்டதும், 2022 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் அதை உறுதி செய்ததும் ஆட்சி மாறிய பின் நடந்தவை. கணக்கில் ஐந்து காசு இடித்தால் வேலைக்கே ஆபத்து என்று அஞ்சும் நமது கிராணிமார், ‘நன்கொடை’ என்ற ஒரே சொல் எவ்வளவு தாங்கியது என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

அந்த அமளிக்குப் பின் அரசாங்கமே அமைத்த குழு 2016இல் 32 பரிந்துரைகளைத் தந்தது. நன்கொடைக்குத் தனிச் சட்டம், மேற்பார்க்கத் தனி அதிகாரி என்றெல்லாம் அதில் இருந்தது. 2018 தேர்தலும் 2022 தேர்தலும் அந்தச் சட்டம் வராமலே நடந்து முடிந்தன. எதிர்க்கட்சியில் இருக்கும்போது கேட்டவர்கள் நாற்காலியில் அமர்ந்ததும் ஆலோசிக்கிறார்கள்.

முதலாளிமார் அமைச்சரைக் கண்டு பேசுவதை நாம் குற்றமென்று சொல்லவில்லை. நாமும் மகஜர் கொடுக்கிறவர்கள்தாம். 2022 மே மாதம் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 வெள்ளி ஆனபோது, ஐந்துக்கும் குறைவான ஆட்களை வைத்திருப்பவர்களுக்கு 2023 ஜனவரி வரை தவணை; பின்பு ஜூலை வரை மறு தவணை. சிறு தோட்டங்களில் வெட்டுகிறவர்கள் காத்திருந்தார்கள். தவணை நியாயமாகவே இருக்கட்டும். யார் யாரைச் சந்தித்துக் கேட்டார்கள் என்று எழுதிவைக்கும் புத்தகம் எங்கே? நமது மகஜர் பகலில் போகிறது, பத்திரிகையில் படமும் வருகிறது.

பெயரை வெளியிட்டால் கொடுப்பவர்கள் ஒதுங்கிவிடுவார்கள் என்கிறார்கள். ஒதுங்கட்டுமே! ஒரு காலத்தில் நமது தோட்டக் கம்பெனிகள் பல பதிவாகியிருந்த பிரிட்டனில் 2000ஆம் வருடமே சட்டம் செய்து, பெரிய நன்கொடைகளைக் கொடுத்தவர் பெயரோடு வெளியிட வைத்தார்கள். அங்கே கட்சிகள் அழிந்துபோய்விடவில்லை.

ஓட்டுக் கேட்டு லயத்துக்கு வருகிறவர்களிடம் ரோடும் கோயில் மண்டபமும் கேட்பதோடு, உங்கள் கட்சிக்கு யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்றும் கிளைத் தலைவர்கள் கேட்க வேண்டும். பதிலை எழுதி வாங்க வேண்டும்.