மல்லர் கழுத்தும் முதல் சில நிமிடங்களும்

மல்யுத்தம் நம் நாட்டின் தொன்மையான தேகப்பயிற்சிகளுள் ஒன்றாகும். 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்தில் மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த கே. டி. ஜாதவ் பெற்ற வெண்கலப் பதக்கம் இக்கலையின் பெருமைக்குச் சான்று. ஆயினும் களத்தில் வீழ்ந்தவனை உடனே கைகொடுத்துத் தூக்கி நிறுத்தும் வழக்கம் கைவிடப்பட வேண்டும் என்பதே நமது கருத்து.

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. நிமிர்ந்த நிலையில் இவை முன்புறம் சற்றே வளைந்திருக்கும். அவ்வளைவும் சுற்றியுள்ள தசைகளும் அதிர்ச்சியைப் பெரிதும் தாங்கிக்கொள்ளும். தலை சிறிது குனியும்போதோ அவ்வளைவு நேராகிவிடுகிறது. அந்நிலையில் உச்சந்தலை தரையில் மோதுமாயின், நின்றுவிட்ட தலைக்கும் பின்தொடரும் உடற்பாரத்திற்கும் இடையே கழுத்து நசுங்கும். எண்ணெயும் மஞ்சளும் கலந்து கிளறிய அகாடா மண்ணும், இக்காலத்து மெத்தையும் மண்டையைக் காக்கலாம். கழுத்தையும் காக்கும் என எண்ணுவது தவறு. கல்வளையம் அணிந்து உரமேற்றிய கழுத்தும் இதற்கு விலக்கன்று.

இதனை உணர்ந்தே, பாலம்போல் வளைந்து தாங்கி நிற்பவனைத் தலைப்புறமாகத் தள்ளுவதைச் சர்வதேச மல்யுத்த விதிகள் தடுத்துள்ளன. ஜூடோவில், எதிரியை வீழ்த்தும் முயற்சியில் தன் தலையை முதலில் தரையில் ஊன்றிப் பாய்பவனே போட்டியிலிருந்து விலக்கப்படுகிறான்.

இத்தகைய கடுங்காயங்கள் அரியனவே. எனினும் எலும்பு முறிந்த பின்னும் தண்டுவடம் ஊறுபடாது தப்பியிருக்கக்கூடும். அன்புடன் தூக்குகின்ற கைகளே அதனைச் சிதைத்துவிடலாம். மூன்றாம், நான்காம், ஐந்தாம் கழுத்து நரம்புகள் உதரவிதானத்தை இயக்குவன. அவற்றின் தொடர்பு அற்றால் மூச்சே நின்றுவிடும்.

ஆதலின் ஒவ்வொரு பயிற்சிக்களத்திலும் சில விதிகள் நிலைபெற வேண்டும். கழுத்தில் வலி, கைகால்களில் மரமரப்பு அல்லது பலக்குறைவு தோன்றினால், வீழ்ந்தவனைக் கிடந்தபடியே விட்டு, தலையை இரு கைகளாலும் அசையாது பிடித்துக்கொண்டு, மூச்சைக் கவனித்தவாறு மருத்துவ ஊர்தியை அழைத்தல் வேண்டும். மரமரப்பு சில நொடிகளில் நீங்கினும், மருத்துவர் சோதித்த பின்னரே அவன் மீண்டும் களம் இறங்கலாம். இளஞ்சிறுவர் கழுத்தின் மீது மற்றொருவன் பாரத்தை ஏற்றும் பயிற்சியும் நிற்க வேண்டும்.

இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. பிடிகளைக் கற்பிக்கும் ஆசான், வீழ்ந்தவனைத் தொடாதிருக்கவும் கற்பிப்பாராக.